பசுமைக்குடில் தக்காளி: உரத்தைக் கூட்டும் முன் பழத்தை அறுத்துப் பாருங்கள்

பாவூர்சத்திரம் சந்தையிலோ திருநெல்வேலி டவுன் நயினார்குளம் மார்க்கெட்டிலோ காய் எடுக்கும் வியாபாரியிடம் குடில் தக்காளியைப் பற்றிக் கேட்டால் பதில் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும்: "அண்ணாச்சி, பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு, லோடுக்கும் தாங்குது, ஆனா ரசத்துக்கு நாட்டுப் பழம்தான்." இதில் பாதி ரகத்தின் குணம். தூரத்துக்கு அனுப்புவதற்கென்றே தோல் தடித்து, சதை இறுகி வரும்படி உருவாக்கிய ஒட்டு ரகங்களில் புளிப்பும் சாறும் கொஞ்சம் மட்டுதான். விதை வாங்கும்போதே அதை ஒப்புக்கொண்டுவிட்டோம். மீதிப் பாதி நாம் டிரிப்பில், அதாவது சொட்டுநீர்க் குழாயில், விடும் உரத்தாலும் அதைக் கொண்டுபோகும் தண்ணீராலும் வருவது. அதை மாற்றலாம், பெரிய செலவும் இல்லை.

நான் பார்த்த வரை நம் பக்கத்துக் குடில்களில் சத்துக் குறைந்து கெட்டுப்போகும் தக்காளியைவிட, சத்துக் கூடி, ஒன்றுக்கொன்று விகிதம் தப்பிக் கெட்டுப்போகும் தக்காளிதான் அதிகம். காரணம் எளிது. வெளி வயலில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். குடிலுக்குள் மழை விழாது. போட்ட உரத்தில் செடி எடுத்தது போக மிச்சம் முழுக்க வேர்ப் பக்கத்திலேயே கிடக்கும், அடுத்த பயிர் அதன்மேல்தான் நிற்கும். மானியத்தில் பாலிஹவுஸ் போட்டு முதல் வருஷம் நன்றாக எடுத்தவர்கள் மூன்றாம் வருஷம் "மண் செத்துப்போச்சு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பல இடங்களில் மண் சாகவில்லை, உப்பு ஏறியிருக்கிறது, கூடவே வேரைத் தாக்கும் நூற்புழுவும் சேர்ந்திருக்கிறது.

முதலில் கத்தியை எடுங்கள்

இலையைப் பார்த்து உரம் சொல்கிறவர்கள் நிறைய. தரம் என்று வந்தால் பழத்தை அறுக்காமல் பேச முடியாது. மூன்றாவது, நான்காவது கொத்தில் நன்றாகப் பழுத்த பழம் நாலைந்து பறித்து, நீளவாக்கில் இல்லாமல் குறுக்கே அறுங்கள். விதை அறைகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நல்ல பழத்தில் சுற்றுச்சுவர் ஒரே சீராகச் சிவந்திருக்கும், விதையைச் சுற்றிய கூழ் அறையை நிறைத்து வழுக்கிக்கொண்டு நிற்கும், நடுத்தண்டு மெல்லியதாக இருக்கும்.

சுவருக்கும் கூழுக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் அது பொக்கைப் பழம். அறுக்காமலேயே கண்டுபிடிக்கலாம்: வெளியே உருண்டையாக இல்லாமல் பட்டை பட்டையாகக் கோணம் தட்டியிருக்கும், கையில் கனம் இருக்காது, வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சி, சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைந்தால் இப்படி வரும். வெளிச்சம் குறைந்தாலும், மகரந்தம் சரியாகச் சேராவிட்டாலும் வரும். அதனால் மிதக்கும் பழத்தைக் கண்டதும் பொட்டாஷ் மூட்டைக்கு ஓட வேண்டாம். பூ கட்டும் காலத்தில் குடிலுக்குள் காற்றே இல்லை, கம்பியையும் யாரும் தட்டிவிடவில்லை என்றால் குறை அங்கேதான். தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும், ஆனால் உதிர ஓர் அசைவு வேண்டும். காலை வெயில் ஏறி, பூ உலர்ந்தபின் செடி கட்டிய கம்பியை ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே போனால் போதும்.

சுவருக்குள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கெட்டியான திட்டு, அதுவும் காம்பைச் சுற்றிய தோள்பட்டையில் இருந்தால், சாம்பல் சத்துப் பற்றாக்குறைதான் முதல் சந்தேகம். வெளியே பழம் சிவந்திருக்க, தோள் மட்டும் மஞ்சளாகவோ பச்சையாகவோ நிற்கும். இதில் ஒரு விலக்கு உண்டு. பெரியகுளத்தில் வெளியிட்ட பிகேஎம் 1 போன்ற ரகங்களுக்குப் பச்சைத் தோள் பிறவிக் குணம், அதை உரத்தால் மாற்ற முடியாது. வெயில் நேராகப் பழத்தில் விழுந்தாலும் தோள் மஞ்சளடிக்கும். காய்க்கு மேலே இருக்கும் இலையை மொத்தமாகக் கிள்ளி எறிகிற ஆட்களிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள்.

அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி அமுங்கியிருந்தால் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அந்தக் காய்க்குப் போய்ச் சேரவில்லை. இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கீழே வருகிறேன்.

தண்ணீர் என்ன தண்ணீர்?

அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணியை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி அவ்வளவு முக்கியமில்லை. ராதாபுரம், திசையன்விளை என்று கடலை நெருங்க நெருங்க போர்த் தண்ணீர் உவர்ப்பு ஏறும். அங்கே உள்ளவர்கள் உர அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் ஈசி மீட்டரும் ஒரு பிஎச் மீட்டரும் வாங்கிவிடுங்கள். ஈசி என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண், பிஎச் என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண். வீட்டுக் குடிதண்ணீருக்கு வாங்கிய டிடிஎஸ் பேனா இருந்தாலும் ஆகும், ஆனால் சில பேனா ஈசி 1-ஐ 500 என்று காட்டும், சில 640 என்று காட்டும். எது உங்களுடையது என்று பெட்டியில் பாருங்கள். தக்காளி ஓரளவுதான் உப்புத் தாங்கும். வேர் மண்ணின் கரைசலில் ஈசி 2.5-ஐத் தாண்டினால் அதற்குமேல் ஏறும் ஒவ்வோர் எண்ணுக்கும் விளைச்சல் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறையும். இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: கால்சியம் நைட்ரேட்டோ 13:0:45-ஓ (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம் இந்த வரிசையில்; மணி என்பது பாஸ்பரஸ்) லிட்டருக்கு 1 கிராம் கலந்தால் தண்ணீரின் ஈசி 1.2, 1.3 கூடும். உங்கள் போர்த் தண்ணீரே 1.5 என்றால், அந்த ஒரு கிராமோடு 2.7-க்கு மேல் போயாயிற்று. ஆற்றோரத்துக்காரர் போடும் அளவை வாட்ஸப்பில் பார்த்துத் திசையன்விளைக்காரர் போட்டால் செடி கருகாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, டிரிப்பர் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், பிஎச் 8 பக்கம் இருக்கும். அந்தத் தண்ணீரில் இரும்பு, துத்தநாகம், மணிச்சத்து எல்லாம் போட்டும் செடிக்குக் கிடைக்காது. உரத் தொட்டியில் பாஸ்பாரிக் அமிலமோ நைட்ரிக் அமிலமோ சிறிது சேர்த்து, டிரிப்பில் வரும் தண்ணீரின் பிஎச் 6 முதல் 6.5-க்குள் நிற்கும்படி வைத்தால் சரியாகும். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், அமிலத்தின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு நீங்களே செய்யுங்கள், சின்னப் பையன்களிடம் விடாதீர்கள்.

மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவிப் பிடித்து ஆய்வுக்குக் கொடுங்கள். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலோ விசாரியுங்கள். ஈசி, பிஎச் மட்டும் போதாது. கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் கேளுங்கள். தண்ணீரிலேயே கால்சியம் தாராளமாக இருக்கிறது என்று தெரிந்தால் உரச் செலவில் ஒரு பகுதி அங்கேயே மிச்சம்.

தழைக்கும் சாம்பலுக்கும் நடுவில்

தக்காளிப் பழம் மண்ணிலிருந்து எடுப்பதில் முதலிடம் சாம்பல் சத்துக்குத்தான், தழைச்சத்து அதற்குப் பிறகு. ஒரு டன் பழத்துக்குத் தழை இரண்டரையிலிருந்து மூன்று கிலோ, சாம்பல் நாலிலிருந்து ஐந்து கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மணிச்சத்து ஒரு கிலோவுக்குள். நம் ஆட்கள் போடும் கணக்கு பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். யூரியா மலிவு, போட்ட மூன்றாம் நாளே இலை கறுகறுவென்று பச்சையாகிவிடும், மனசுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பச்சை காய்க்குள் போகாது. தழை மிஞ்சிய செடியில் பழுக்கும் நாள் தள்ளிப்போகும், பழத்தில் இனிப்பு குறையும், சதை தளரும், வெள்ளை ஈயும் அசுவிணியும் அந்தக் கொழுத்த இலையைத் தேடி வரும்.

மிஞ்சிவிட்டதா என்று அறிய ஒரு வழி: செடியின் நுனியிலிருந்து ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்துப் பாருங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் கனம் இருந்தால் சரி. அதைவிடத் தடித்து, நுனி இலை உள்வாங்கிச் சுருண்டு, பூங்கொத்தின் முனையிலிருந்தே இலை கிளம்பினால் செடி காய்ப்பை மறந்து வளர்ச்சியில் இறங்கிவிட்டது. மெலிந்து பென்சில் கனத்துக்கும் கீழே போனால் பசி.

இருபத்தைந்து சென்ட் குடில், அதாவது சுமார் 1000 சதுர மீட்டர், இரண்டாயிரத்து ஐந்நூறு செடி, எதிர்பார்ப்பு பத்து டன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் கொத்தில் காய் பிடித்ததிலிருந்து கடைசிப் பறிப்பு வரை பதினெட்டு வாரம். மொத்தம் சாம்பல் 45 கிலோ, தழை 28 கிலோ வேண்டும். வாரத்துக்குச் சாம்பல் இரண்டரை கிலோ, தழை ஒன்றரை கிலோ சொச்சம். 13:0:45 உரம் ஐந்தரை கிலோவில் அந்தச் சாம்பல் முழுக்க வந்துவிடும், கூடவே தழையும் முக்கால் கிலோ வரும். பாக்கித் தழைக்குக் கால்சியம் நைட்ரேட் ஐந்தரை கிலோ. அதில் 15.5 சதவீதம் தழை, 18.8 சதவீதம் கால்சியம். ஆக, காய்ப்புக் காலத்தில் இரண்டும் எடைக்கு எடை சமம், அவ்வளவுதான். ஒரு நாள் இது ஒன்றே முக்கால் கிலோ சொச்சம், மறுநாள் அது அதே அளவு, ஏழாம் நாள் வெறும் தண்ணீர் என்று ஓட்டிவிடலாம். கடையில் பத்து விதப் பாக்கெட் தருவார்கள், முதுகெலும்பு இந்த இரண்டுதான்.

இதை அப்படியே போடாதீர்கள். மண் ஆய்வில் உள்ளதைக் கழிக்க வேண்டும். மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசலில் சாம்பல் சத்து இயல்பாகவே தாராளம், அங்கே 13:0:45-ஐப் பாதியாக்கிக்கூடப் பார்க்கலாம். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்துச் செம்மண் அப்படியில்லை, கொடுத்தால்தான் உண்டு. சாம்பலை அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் வினைதான். அது வேரின் வாசலிலேயே மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் ஒதுக்கித் தள்ளும். கீழ் இலையில் நரம்பு பச்சையாக நிற்க, நடுப்பகுதி மஞ்சளாகிறது என்றால் மெக்னீசியம் குறைவு. அதே கீழ் இலையில் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மெக்னீசியக் குறைக்குப் பொட்டாஷ் போட்டால் நோய் முற்றும்.

நட்ட முதல் இரண்டு வாரத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம். வேர் பிடிக்க 12:61:0 கொஞ்சம், அப்புறம் பூ வரும்வரை 19:19:19 போதும். அடியுரமாகத் தொழுஉரமும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டிருந்தால் காய்ப்புக் காலத்தில் மணிச்சத்துக்கு வாரம் அரை கிலோ 0:52:34 தாராளம். அதற்குமேல் போனால் துத்தநாகமும் இரும்பும் கட்டிக்கொள்ளும்.

சிவப்புப் பொட்டாஷை டிரிப்பில் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுவைக்கு அது பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கரையாத செம்மண்டி டிரிப்பரை அடைக்கும், அதிலுள்ள குளோரைடு உவர்த் தண்ணீரோடு சேர்ந்தால் தாங்காது. நல்ல தண்ணீர்க்காரர்கள் அடியுரத்தில் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம். உவர்த் தண்ணீர்க்காரர்கள் 0:0:50 என்ற வெள்ளை சல்பேட் பொட்டாஷுக்கு மாறிக்கொள்வது நல்லது.

அடி கறுப்பது: மண்ணில் இருந்தும் காய்க்குப் போகாத கால்சியம்

கால்சியம் செடிக்குள் தண்ணீரோடுதான் நகரும், இலை எந்த அளவுக்கு வியர்க்கிறதோ அந்த அளவுக்கு அங்கே போய்ச் சேரும். ஒரு தடவை இலையில் போய் உட்கார்ந்துவிட்டால் திரும்பக் காய்க்கு வராது. காயின் தோல் மெழுகு பூசியது, அது வியர்ப்பது மிகக் குறைவு. கல்யாணப் பந்தியில் முன்வரிசையில் உட்கார்ந்தவனுக்கே பாயசம் தீர்ந்துபோகிற கதைதான்: இலை முன்வரிசை, காயின் அடிமுனை கடைசி வரிசை.

இது தெரிந்தால் நம் ஊர்க் காற்று ஏன் இதில் வருகிறது என்று புரியும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, வள்ளியூர் பக்கம் வறட்டிக்கொண்டு வீசும்போது இலை தண்ணீரை இழுத்துத் தள்ளும், கால்சியம் முழுக்க இலைக்கே போகும், கையளவுகூட ஆகாத காய் அடி கறுக்கும். அதே மாதத்தில் தென்காசி, கடையம் பக்கம் சாரல். காற்றில் ஈரம் நிறைந்து இலை வியர்ப்பதே நின்றுபோகும், செடிக்குள் எதுவுமே ஓடாது, அங்கேயும் கால்சியம் தட்டும். ஒரே உரம், ஒரே அளவு, இரண்டு ஊர், இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம். பணகுடிக்காரர் காற்று வரும் பக்கம் வலை கட்டி, பகலில் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கடையத்துக்காரர் பக்கத்துத் திரையைச் சுருட்டிக் காற்றை உள்ளே விட வேண்டும்.

தண்ணீர் விடுவதில் சீர் இல்லாததுதான் இந்த நோய்க்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து. த்ரீ-பேஸ் கரண்ட் வரும் நேரத்தில் மோட்டாரைப் போட்டு மூன்று மணி நேரம் மொத்தமாக விடுவது, அப்புறம் மறுநாள் கரண்ட் வரும்வரை வேரைக் காயப் போடுவது. இப்படிச் செய்தால் கால்சியம் நைட்ரேட் மூட்டை மூட்டையாகப் போட்டாலும் அடி கறுக்கும், கூடவே பழம் வெடிக்கும். கரண்ட் வரும்போது மேல்தொட்டியை நிரப்பிக்கொண்டு, அதிலிருந்து பகலில் நாலைந்து தடவை சிறிது சிறிதாக விடுங்கள். தொட்டிக்கான செலவு ஒரே பயிரில் திரும்பிவிடும்.

அமோனிய வடிவிலுள்ள தழைச்சத்தும் கால்சியத்துக்கு எதிரி. காய்ப்புக் காலத்தில் யூரியாவையும் அம்மோனியம் சல்பேட்டையும் கண்ணில் காட்டாதீர்கள், நைட்ரேட் வடிவிலேயே கொடுங்கள். ஈசி ஏறினால் வேர் தண்ணீரை இழுப்பதே கஷ்டம், கால்சியமும் குறையும். அடி கறுத்ததைப் பார்த்ததும் உரத்தைக் கூட்டுகிறவர்கள் இதனால்தான் நிலைமையை இன்னும் மோசமாக்கிக்கொள்கிறார்கள்.

தெளிப்பு உதவுமா? பூ கொட்டிய முதல் இரண்டு வாரத்துப் பிஞ்சின் மேலேயே நேராகப் படும்படி, சாயங்காலம், லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் தெளித்தால் ஓரளவு உதவும். இலையில் தெளித்தது இலையிலேயே இருக்கும். கறுத்த காயைப் பிழைக்க வைக்க முடியாது, பறித்துப் போடுங்கள். செடியின் பலம் அடுத்த கொத்துக்காவது போகட்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் திருநெல்வேலி மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. குடிலின் கூரை மழையைத் தடுக்கும், பக்கத்திலிருந்து ஊறி வரும் தண்ணீரைத் தடுக்காது. வேர் மூச்சுவிட முடியாமல் போனால் மண்ணில் எவ்வளவு சத்து இருந்தும் உறிஞ்ச முடியாது, செடி தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடும். குடிலைச் சுற்றி வடிகால் வெட்டுவதும், மேட்டுப்பாத்தி ஒன்றரை அடி உயர்த்துவதும்கூட உர மேலாண்மையில்தான் சேர்த்தி.

இரண்டு தொட்டி

ஒரு கண்ணாடி டம்ளரில் கால்சியம் நைட்ரேட் ஒரு ஸ்பூன் கரையுங்கள், இன்னொன்றில் மெக்னீசியம் சல்பேட் ஒரு ஸ்பூன். இரண்டும் தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். ஒன்றில் மற்றதை ஊற்றுங்கள். பால் மாதிரி வெளுத்து, கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளை மண்டி இறங்கும். அது ஜிப்சம். உங்கள் உரக்காசு மண்டியாகிவிட்டது, அடுத்து டிரிப்பரை அடைக்கப் போகிறது. கால்சியம் நைட்ரேட்டை சல்பேட் உள்ள எதோடும், பாஸ்பேட் உள்ள எதோடும் அடர்த்தியாக ஒரே வாளியில் கலக்காதீர்கள். ஏ தொட்டியில் கால்சியம் நைட்ரேட், பி தொட்டியில் மற்றவை. அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். உரக்கரைசலை உறிஞ்சிக் குழாயில் விடும் வென்சுரி ஒன்றே ஒன்று இருக்கிறவர்களுக்கு இரண்டாவது வழியே வசதி. உரம் விட்டபின் பத்து நிமிஷம் வெறும் தண்ணீர் ஓடட்டும்.

நுண்சத்து: சுருக்கமாக

குறை கீழ் இலையில் தொடங்கினால் தழை, மணி, சாம்பல், மெக்னீசியம். இவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை, கிழட்டு இலையிலிருந்து கிளம்பி இளசுக்குப் போகும். குறை நுனி இலையில் தொடங்கினால் இரும்பு, போரான், கால்சியம், துத்தநாகம். இது ஒன்று கையில் இருந்தால் கடைக்காரர் சொல்லும் பாதியைத் தள்ளிவிடலாம்.

நுனி இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. இரும்பு செடிக்குக் கிடைக்கும்படி கட்டிவைத்த வடிவங்களில் விற்கிறது: நம் தண்ணீருக்கு இடிடிஏ இரும்பு பிஎச் 6.5-க்கு மேல் நிற்காது, டிடிபிஏ கொஞ்சம் தாங்கும், கரிசலுக்கு இடிடிஎச்ஏ வடிவம்தான் சரி, விலை கூடுதல். போரான் குறைந்தால் பூ கொட்டும், பழத்தில் தக்கை மாதிரிக் கோடு விழும், வெடிக்கும். பூக்கும்போது 20 சதவீத போரான் லிட்டருக்கு 1 கிராம் தெளிக்கலாம். இதில் மட்டும் கை தாராளம் கூடாது, தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு.

இனிப்பு ஏற்றும் வித்தை

உவர்த் தண்ணீர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வேர்க் கரைசலின் உப்பு மிதமாக ஏறினால் பழம் சிறுக்கும், ஆனால் உள்ளே சர்க்கரையும் புளிப்பும் அடர்த்தியாகும். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் நிலத்தடி உவர்நீரை வைத்தே இனிப்புத் தக்காளி எடுக்கிறார்கள். பெரிய தக்காளியில் இதைச் செய்தால் எடை போய்விடும், மார்க்கெட்டில் இனிப்புக்கு யாரும் தனிக் காசு தருவதில்லை. செர்ரி தக்காளி போட்டு, நேரடியாகக் கடைக்கோ ஹோட்டலுக்கோ கொடுப்பவர்களுக்குக் கணக்கு ஒத்துவரும். மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவுப் பையில் வளர்ப்பவர்கள் காய்ப்புக் காலத்தில் உரக்கரைசலை 2.5-லிருந்து மெதுவாக 3.5 வரை ஏற்றிப் பார்க்கலாம், அதுவும் தையில், மாசியில். சித்திரை வெயிலில் செய்தால் அடி கறுத்துவிடும். இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் பழச்சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: சாதாரணத் தக்காளி 4, 5 காட்டும், நல்ல செர்ரி 7, 8 காட்டும். ஏற்றியும் எண் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

சர்க்கரையை உண்டாக்குவது இலையும் வெளிச்சமும்தான், உரம் அல்ல. 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, கார்த்திகை மேகமூட்டத்தில் எந்த உரம் போட்டாலும் பழம் சப்பென்றுதான் இருக்கும். சிவப்பும் அப்படித்தான். பழத்தின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் லைகோபீன் என்ற சிவப்பு நிறமி உருவாவது தடைப்படும், மஞ்சள் நிறமி மட்டும் தொடர்ந்து வரும், பழம் ஆரஞ்சாகவே நின்றுவிடும். பாளையங்கோட்டைச் சித்திரையில் மூடிய பாலிஹவுஸுக்குள் பழுக்கும் தக்காளி ஆரஞ்சாக இருப்பது இதனால்தான். அதற்குப் பொட்டாஷ் போட்டுப் பயனில்லை. பறிப்பு தை, மாசி, பங்குனி முன்பாதியில் விழும்படி புரட்டாசி, ஐப்பசியில் நட்டால், ராத்திரி குளிர்ச்சியும் பகல் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும், போட்ட உரத்துக்கும் மரியாதை இருக்கும்.

நார்க்கழிவும் பஞ்சகவ்யமும்

தென்னை நார்க்கழிவு நம் பக்கம் மலிவு, ஆனால் கயிறு ஆலையிலிருந்து வந்ததை அப்படியே பையில் நிரப்பாதீர்கள். அதில் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் ஒட்டியிருக்கும். நல்ல தண்ணீரில் ஈசி 0.5-க்குக் கீழே வரும்வரை அலசி, அப்புறம் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒருநாள் ஊறவைத்து மறுபடி அலச வேண்டும். ஊறவைக்காவிட்டால் முதல் மாதம் நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை நார்க்கழிவே பிடித்துவைத்துக்கொள்ளும், முதல் கொத்து அடி கறுக்கும்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் மண்ணில் வளர்ப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். பஞ்சகவ்யம் 3 சதவீதத் தெளிப்பு நல்ல பழக்கம்தான். வடிகட்டாமல் டிரிப்பில் விட்டால் குழாய்க்குள் பாசி மாதிரி வளர்ந்து அடைக்கும். பத்து டன் விளைச்சலுக்கு வேண்டிய சாம்பல் சத்து அதிலிருந்து மட்டும் வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம்.

பயிர் முடிந்ததும்

கடைசி பத்து நாள் உரம் வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். செடியை வெட்டி எறியாமல் வேரோடு பிடுங்கிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்த வேருக்கு எந்த உரமும் ஏறியிருக்காது, இத்தனை நாள் இலையில் கண்ட பசியில் பாதி அதனுடையது. பசுந்தாள் உரப் பயிரான சணப்பு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். வடியும் மண்ணாக இருந்தால் நல்ல தண்ணீரை இரண்டு தடவை பாத்தி நிறையக் கட்டி உப்பை இறக்குங்கள். அப்புறம் மண் எடுக்கும்போது டிரிப்பரின் நேர் கீழே மட்டும் எடுக்காதீர்கள், அங்கே உப்பு கழுவப்பட்டு எண் குறைவாகக் காட்டும். ஈரம் போய் முடியும் விளிம்பில்தான் உப்பு கூடும். டிரிப்பரிலிருந்து ஒரு சாண் தள்ளி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை, ஏழெட்டு இடத்தில் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ துணிப்பையில் போட்டு, இதற்கு முன் என்ன பயிர், என்ன உரம் போட்டீர்கள் என்று சீட்டு எழுதி வைத்துக் கொடுங்கள்.